கோலை மறைத்து நின்ற பஸ்

எங்கள் கால்பந்து கிளப் நொடித்துப்போனதைப் பற்றி ஊரில் பழைய ஆட்களைக் கேட்டால் உச்சுக் கொட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். எனக்கு அது வராது. கிளப் ஒவ்வொரு படியாக இறங்கியபோது நான் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தேன். நான் அங்கே இரண்டாவது கோல் கீப்பர்.

இரண்டாவது கோல் கீப்பர் என்றால் என்னவென்று ஆடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபார்வர்டு ஆடுகிறவன் களைத்துப்போனால் வெளியே உட்கார்ந்திருப்பவனை உள்ளே அனுப்புவார்கள். நடுவில் ஆடுகிறவன் சொதப்பினாலும் மாற்றுவார்கள். கோல் கீப்பரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். நின்ற இடத்தில் நிற்கிறவனுக்கு என்ன களைப்பு? அவனுக்குக் கை உடைந்தால் எனக்கு ஆட்டம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்னொருவன் கை உடைய வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது லேசான வேலை இல்லை. அப்படிக் காத்திருக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது.

முதல் கீப்பரும் நானும் ஒரே வயது. ஒரே வாரத்தில் கிளப்பில் சேர்ந்தோம். தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர்தான் எங்கள் செக்ரட்டரி. பயிற்சி கொடுப்பதும் அவர்தான், பந்துக்குக் காற்றடிப்பதும் அவர்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிக் கோலில் நிற்கவைத்து உதைத்துப் பார்த்தார். அவனும் பிடித்தான், நானும் பிடித்தேன். ஆனால் அவன் பிடிப்பது பார்க்க நன்றாக இருந்தது. பந்து போகிற பக்கம் உடம்பு முழுக்க நீண்டு போகும். விழுந்து எழுந்தால் சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்ட மாட்டான். நான் பிடித்தால் பந்து பிடிபட்டிருக்கும், அவ்வளவுதான். செக்ரட்டரி ஒன்றாம் நம்பர் போட்ட சட்டையை அவனிடம் கொடுத்தார். பன்னிரண்டு எனக்கு வந்தது. அன்றிலிருந்து கிளப்பில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒன்னாம் நம்பர் என்றே கூப்பிட்டார்கள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கிளப்பில் நல்ல கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது. அது அவன் கையில் இருந்தது. பயிற்சியின்போது நான் நிற்க வேண்டியிருந்தால் கழற்றிக் கொடுப்பான். உள்ளே அவன் வியர்வையின் ஈரம் இருக்கும். அதற்குள் என் விரல்களை நுழைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவன் விரல் நீளம். எனக்கு ஒவ்வொரு விரலின் நுனியிலும் கொஞ்சம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பந்து தட்டிவிட்டுப் போகும்போது, அது கையுறையின் தப்பு என்று யாருக்கும் தோன்றாது.

ஒரு தடவை அவன் பைக்கிலிருந்து விழுந்து விரலைச் சுளுக்கிக்கொண்டான். செய்தி வந்த அன்றே பூட்ஸைத் துடைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்குப் போய் நின்றேன். அவன் இரண்டு விரலைச் சேர்த்து பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தான். ஆடினான். ஒரு கோலும் விடவில்லை. என் பூட்ஸின் பளபளப்பைப் பார்த்துவிட்டு எங்கள் டிஃபென்ஸ்காரன் சொன்னான்.

"நீதான்டா கண்ணு வெச்சிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவனைச் சுற்றி, தன் ஸ்கூட்டர் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கினார். நானும் சிரித்தேன். கண் வைத்ததென்னவோ உண்மைதான், பலிக்கவில்லை என்பதுதான் என் கஷ்டம்.

எங்கள் மைதானம் அவலூர்பேட்டை சாலையில் இருந்தது. எங்களுடையது என்று சொல்வது பழக்கத்தில். நிலம் பக்கத்துக் கிராமத்து ஜைனக் குடும்பத்துடையது. வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தைப் பெரியவர் எங்களுக்குச் சும்மா விட்டிருந்தார். சாயங்காலம் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம் என்பதால் வெயில் சாய ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார். அவர் கடைசிவரை பார்க்கட்டும் என்று செக்ரட்டரி ஆட்டங்களை வெயிலிலேயே ஆரம்பித்துவிடுவார். உச்சி காய்ந்தபடி ஆடினோம். பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைகள் வாடகை கேட்டார்கள். அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. ரோட்டோரத்து நிலம், வேறு யாராக இருந்தாலும் வேலி போட்டு விற்றிருப்பார்கள்.

வாடகைக்கு வழி தேடியபோதுதான் செக்ரட்டரிக்குப் பௌர்ணமி ஞாபகம் வந்தது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. வருகிற வண்டிகளை ஊருக்குள் விடுவதில்லை, எல்லாச் சாலைகளிலும் வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். காலி நிலம் வைத்திருக்கிறவனுக்கெல்லாம் அன்று ராஜ யோகம். எங்களிடம் ஒரு ஃபுட்பால் மைதானமே இருந்தது.

இப்படியாகப் பௌர்ணமி அன்று ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கிளப் சட்டையைப் போட்டுக்கொண்டு பார்க்கிங் பார்த்தோம். ரெஃப்ரி விசில்தான் பார்க்கிங் விசில். கார்னர் கொடி நட்டிருந்த இடம் வேன்களுக்கு, நடு வட்டம் கார்களுக்கு, கோலுக்கு முன்னால் பெரிய பஸ்களுக்கு. சட்டையில் நம்பர் இருந்ததால் டிரைவர்களுக்கும் வசதி.

"பத்தாம் நம்பர் தம்பி சொல்ற எடத்துல போடுங்கண்ணா. ஒடிங்க, ஒடிங்க, லெஃப்ட்ல கட் பண்ணுங்க, போதும்!"

இதிலும் அவன்தான் முதல். அவன் அம்மாவுக்குச் சித்தூர் பக்கம் என்பதால் அவனுக்குத் தெலுங்கு வரும். வண்டிகளில் பாதிக்கு மேல் ஆந்திரா வண்டிகள். வாசலில் நின்று அவன் இரண்டு வார்த்தை பேசினால் டிரைவர்கள் முகம் மலர்ந்துவிடும். கண்ணாடியை இறக்கி லட்டு கொடுப்பார்கள், டீக்குக் கூப்பிடுவார்கள். பெண்கள் பிள்ளைகளை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். பந்தைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு கையையும் விரித்துப் பஸ்களைப் பின்னால் வரச் சொல்லுவான், அவையும் வரும். என்னை மைதானத்தின் கடைசியில், கோல் பக்கம் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். கிளப்புக்காக நான் மாதம் தவறாமல் கோலில் நின்றேன் என்றால் அது பௌர்ணமி அன்றுதான், பஸ்களைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் மைதானத்தைப் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும்போது ஆளாளுக்குச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள். கற்பூரம் எரிந்த கரி, ஆயில் கொட்டிய திட்டு, தண்ணீர் பாட்டில் மூடிகள். மழை பெய்த மாதமென்றால் டயர் பதிந்த பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும். பந்து ஒரு பக்கம் உருண்டு வந்து இன்னொரு பக்கம் குதிக்கும். ஒரு தடவை அப்படிப் பள்ளத்தில் பட்டுக் குதித்த பந்து அவனைத் தாண்டிக் கோலுக்குள் போனது. எல்லோரும் ஓடிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்தார்கள். "பாவம், அவன் இன்னா பண்ணுவான்" என்றார்கள். அதே கோலை நான் விட்டிருந்தால் பள்ளத்தை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்க்கிங்கில் வந்தது வாடகைக்குப் போனது. பந்துக்கு, சட்டைக்கு, வெளியூர் ஆட்டத்துக்கு வேன் பிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மைதானம் கெட்டதால் நன்றாக ஆடுகிறவர்கள் முழங்காலை நினைத்து வராமல் போனார்கள். சிலர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போனார்கள், சிலர் பெங்களூருக்கு. ஆள் குறையக் குறைய, வருகிறவர்களுக்குப் பார்க்கிங் வேலை கூடியது. கடைசியில் பயிற்சிக்கு வருகிறவர்களைவிடப் பௌர்ணமிக்கு வருகிறவர்கள் ஜாஸ்தி ஆகிவிட்டார்கள். செக்ரட்டரி பாத்திரக் கடையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று அவர் வீட்டுக்காரம்மா ரோட்டில் நின்று சண்டை போட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இதெல்லாம் வருத்தமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் வருத்தத்துக்கு அடியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் போகிறார்களே, அவன் எப்போது போவான்?

அவன் போனான். வேங்கிக்காலில் புதிதாக ஒரு டர்ஃப் வந்தது. பச்சைப் பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, லைட் கம்பங்கள், மணிக்கணக்கில் வாடகை. பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்க அவனைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். விட்டுப் போகிற அன்று மைதானத்துக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். செக்ரட்டரி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் வந்து கையுறையைக் கழற்றிக் கொடுத்தான்.

"பாத்துக்கடா. லெஃப்ட் கட்டவெரல்ல தையல் உட்டிருக்கு."

நான் வாங்கிக்கொண்டேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட பொருள், இப்போது எனக்கே எனக்கு. ஆனால் மனசு நிறையவில்லை. எனக்குத் தேவைப்பட்டதால் இல்லை, அவனுக்குத் தேவைப்படாமல் போனதால்தானே வந்தது? அவன் புதுசு வாங்கிக்கொள்வான்.

வாங்கிக்கொண்டான். அதையும் நான் தினம் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு மொபைல் கடையில் எனக்கு வேலை. போகிற வழியில்தான் டர்ஃப். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ், அதில் அவன் ஒரு பக்கமாகப் பாய்ந்து பந்தைப் பிடிக்கிற படம், கையில் ஆரஞ்சு நிறத்தில் புதுக் கையுறை. காலையில் போகும்போது அவன் என் வலது பக்கம் பாய்ந்தான், சாயங்காலம் திரும்பும்போது இடது பக்கம். கொஞ்ச நாள் வேறு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பெட்ரோல் கட்டுபடியாகவில்லை.

அந்த வருஷம் லீக்கில் நாங்கள் ஏற்கெனவே ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு வேன் பிடிக்க முடியாமல் போகாமல் விட்டிருந்தோம். இன்னொன்று தவறினால் கிளப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த ஆட்டம் ஆரணிக்காரர்களோடு, எங்கள் மைதானத்தில். செக்ரட்டரிக்கு அது கிளப் உயிரோடு இருக்குமா என்கிற ஆட்டம். எனக்கு அது என் முதல் ஆட்டம். ஒன்றாம் நம்பர் சட்டையை வீட்டில் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் தொங்கவிட்டிருந்தேன். கையுறையின் விரல் நுனிகளில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தேன். என் கைக்கு முதல் தடவையாக அது சரியாக இருந்தது.

பௌர்ணமி சனிக்கிழமை என்று நாள்காட்டியில் போட்டிருந்தது. சனிக்கிழமை பார்க்கிங், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்று செக்ரட்டரி தேதி கொடுத்துவிட்டார். கோயிலுக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கிற மனிதர், திதி எப்போது முடிகிறது என்று பார்க்கவில்லை. அவரை மட்டும் சொல்லக் கூடாது, எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. திதி எப்போது ஆரம்பிக்கிறது, கூட்டம் எப்போது வரும், கடையை எப்போது திறக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி. எப்போது முடியும் என்பது சுற்ற வருகிறவர்களின் கவலை. அந்த மாதம் திதி சனிக்கிழமை சாயங்காலம்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை இருந்தது. விடுமுறை நாள் வேறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையோடு நான் போய்ச் சேர்ந்தபோது மைதானம் முழுக்க வண்டி. சனிக்கிழமை வந்ததில் பாதி போகவே இல்லை. காலையில் புதிதாக வந்தவற்றையும் எங்கள் ஆட்களே உள்ளே விட்டிருந்தார்கள். வண்டி வந்தால் விசிலடித்து உள்ளே விடுவது அவர்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. கோலுக்கு நேர் முன்னால், மூக்கு கம்பத்தை இடிக்கிற மாதிரி, ஒரு பெரிய ஆந்திரா பஸ். கம்பத்திலிருந்து கம்பம் வரை கயிறு கட்டி வேட்டியும் புடவையும் காயப்போட்டிருந்தார்கள்.

நிழலில் படுத்திருந்த கிளீனரை எழுப்பினேன். டிரைவர் எங்கே என்று தமிழிலும் கையிலும் கேட்டேன். அவன் மலையைக் காட்டி, விரலால் ஒரு வட்டம் போட்டான். டிரைவரும் சுற்றப் போயிருந்தார். திதி இருக்கும்போதே ஊருக்குத் திரும்பிவிட அவருக்கு மட்டும் மனசு வருமா? சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அக்கம் பக்கத்து வண்டிகளிலும் அதே கதைதான்.

ஆரணிக்காரர்கள் வேனிலிருந்து இறங்கி நின்றார்கள். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செக்ரட்டரி ஒவ்வொரு பஸ்ஸாகப் போய்க் கதவைத் தட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஒன்னாம் நம்பருக்குப் போன் போடுறா. அவன் வந்தா தெலுங்குல பேசி இன்னாவாச்சும் பண்ணுவான்."

ஒன்றாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறவனிடம் சொன்னார். நான் போன் போட்டேன்.

அவன் வந்தான். கிளீனர்களிடம் பேசினான், அவர்களும் எழுந்து மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஆனால் இல்லாத சாவிக்கு அவனால்கூட ஒன்றும் செய்ய முடியவில்லை. கிளப் செத்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. கொடுத்த நேரம் முடிந்ததும் ரெஃப்ரி ஆரணிக்காரர்கள் ஜெயித்ததாகச் சொல்லி, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். செக்ரட்டரி பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் தலைக்கு மேல் ஒரு புடவை ஆடிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ தூரம் வந்துட்டோம், சும்மாவா போறது?" என்றான் ஆரணி கேப்டன்.

"டர்ஃபுக்கு வாங்க" என்றான் அவன். "இப்ப காலியாத்தான் கீது. ஓனர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஏழு ஏழு பேரா ஆடலாம்."

எல்லோரும் வேங்கிக்காலுக்குப் போனோம். அவன் படத்துக்குக் கீழே பூட்ஸைக் கட்டினோம். பச்சைப் புல்லில் எலுமிச்சம்பழம் இல்லை, பள்ளம் இல்லை, கறுப்பு ரப்பர்த் துகள் மட்டும் காலில் ஒட்டியது. நான் கையுறையை மாட்டிக்கொண்டு கோலை நோக்கி நடக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து செக்ரட்டரியின் குரல்.

"நீ நில்லுடா. கடைசியா ஒரு தபா. நம்ம கிளப்பு போறப்பவாச்சும் நல்லா போவட்டும்."

என்னிடம் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் பாதி வழியில் நின்றேன். ஆரணிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இல்லண்ணா" என்றான் அவன். "நான் இப்ப கிளப்புலயே இல்ல. கீப்பரு அவன்தான், அவனே நிக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்தில் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற நல்லவர்கள் நினைக்கலாம். அவன் சரி என்று சொல்லியிருந்தால்கூட இத்தனை கோபம் வந்திருக்காது. என் இடத்தை எனக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். தன் ஆரஞ்சுக் கையுறையை வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

நான் நன்றாக ஆடினேன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொன்னதில்லை. கிட்டத்தில் அடித்ததைக் காலால் தடுத்தேன், உயரத்தில் வந்ததை எகிறித் தட்டினேன். போன கோல்கள் யார் நின்றிருந்தாலும் போயிருக்கும். எங்கள் ஆட்களும் அன்று, ஆடுவதற்கு வேறு நாளே இல்லை என்பதுபோல ஆடினார்கள். இல்லைதானே. ஆட்டம் சமமாக இருந்தபோது, முடியப்போகிற நேரத்தில் பந்து எங்கள் டிஃபென்ஸ்காரன் கையில் பட்டது. பெனால்டி.

ஆரணி கேப்டனே அடிக்க வந்தான். நான் கைகளை விரித்து நின்றேன். இத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து நான் செய்த வேலை ஒன்று உண்டென்றால், அடிக்க வருகிறவன் இடுப்பைப் பார்ப்பது. அவன் ஓடி வந்தான். என் முதுகுக்குப் பின்னால், வலையை ஒட்டி, ஒரு குரல்.

"லெஃப்ட்டு!"

நான் இடது பக்கம் பாய்ந்தேன். பந்து மணிக்கட்டில் பட்டு வெளியே போனது.

எங்கள் ஆட்கள் ஓடி வந்து என் மேல் விழுந்தார்கள். மூச்சு முட்டியது. அந்தக் கூட்டத்தின் அடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன், செக்ரட்டரியைத் தேடி. அவர் வலைக்குள் விரலை விட்டு அந்தப் பக்கம் நின்றவன் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"சொன்னான் பாரு! கரெக்டா சொன்னான் பாரு!"

லீக்கிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கிளப் என்று ஒன்று இல்லை. நிலத்தில் மனைக் கல் நட்டுவிட்டார்கள், வீடு கட்டுகிறவரை பௌர்ணமி பார்க்கிங் மட்டும் நடக்கிறது. வாட்ஸ்அப்பில் கிளப் பேரில் இருந்த குரூப்புக்குப் பார்க்கிங் என்று பேர் மாற்றியாகிவிட்டது. செக்ரட்டரி கடையில் உட்கார்ந்திருக்கிறார். போகிற வருகிற பழைய ஆட்களிடம் அந்தக் கடைசி ஆட்டத்தைச் சொல்வார். கதை எப்போதும் அந்த ஒற்றைக் குரலில்தான் முடியும். பாய்ந்தவன் பேச்சு அதில் வராது.

அந்தப் பெனால்டியை எங்கள் பையன் ஒருவன் போனில் எடுத்திருந்தான். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பேன். என் இடது முழங்கால் முதலில் மடங்குகிறதா, அவன் குரல் முதலில் வருகிறதா? ஒரு தடவை பார்த்தால் முழங்கால். இன்னொரு தடவை பார்த்தால் குரல். வேறு போனில் போட்டுப் பார்த்தேன், ஸ்பீக்கர் மாற்றிப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் இருந்திருந்தால், ஒரே ஒரு பெனால்டி, பின்னால் யாரும் இல்லாமல், தெரிந்துபோயிருக்கும். அதற்குத்தான் வழி இல்லை. கிளப் மூடினதில் எனக்கு உண்மையாகவே வலித்தது அந்த இடத்தில்தான்.

போன வாரம் அவன் கடைக்கு வந்தான். போன் கீழே விழுந்து மேல் கண்ணாடி விரிந்திருந்தது. டெம்பர்டு மாற்ற வேண்டும் என்றான். பழையதை எடுத்து, துடைத்து, புதியதைப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இறக்கினேன். ஒரு குமிழிகூட இல்லை.

"கையி இன்னா ஸ்டெடியா கீதுடா உனுக்கு" என்றான்.

அந்தப் பேச்சில்தான் எனக்கு வாய் வந்தது. போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அன்னிக்கி நீ கத்தலன்னா நான் எந்தப் பக்கம் போயிருப்பேன்?"

அவனுக்கு எந்த அன்னிக்கி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"லெஃப்ட்டுதான்" என்றான். "உன் முட்டி மடங்கிடுச்சு. அதப் பாத்துட்டுதான் கத்துனேன். உனுக்குத் தெம்பா இருக்கட்டும்னு."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் சொன்னாலும் நல்லவனாகத் தெரிகிற முகம் அது. அவன் சொன்னது உண்மை என்றால் அந்தப் பந்து என்னுடையது. எனக்காகச் சொன்ன பொய் என்றால் அவனுடையது. எதுவானாலும் அதையும் அவன் கையால் கொடுத்துத்தான் நான் வாங்க வேண்டியிருந்தது, அந்தக் கையுறை மாதிரி, அந்தக் கோல் மாதிரி.

கண்ணாடிக்கு எவ்வளவு என்று கேட்டான். தெரிந்தவன் என்று குறைத்துச் சொல்லலாம், வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். முழுசாக வாங்கிக்கொண்டேன்.